மெஷின் செய்தால் பிழை வராதா? காபன் நாரின் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

"மனிசன் செய்தால்தான் பிழை வரும், மெஷின் செய்தால் வராது." இந்தப் பேச்சை நாம் வகுப்பறையிலும் கேட்கிறோம், கடைத்தெருவிலும் கேட்கிறோம். தொழினுட்பப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளில் பலர் இதை ஒரு விஞ்ஞான உண்மை போலவே நம்புகிறார்கள். இது எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. அது காபன் நாரின் வரலாறு. அதில் வானத்தில் பறக்கும் விமானமும் வருகிறது, கடலுக்கடியில் போய்த் திரும்பி வராத ஒரு நீர்மூழ்கியும் வருகிறது.

இது நமக்கு ஏன் என்று யாரும் கேட்கலாம். தொழிலுக்காகவும் உம்ராவுக்காகவும் மத்திய கிழக்குக்குப் பறக்கிறோம். கட்டார் எயார்வேஸ், சவூதியா, எதிஹாட் ஆகிய மூன்று நிறுவனங்களிடமும் போயிங் 787 விமானங்கள் இருக்கின்றன. அந்த விமானத்தின் நிறையில் ஏறத்தாழ பாதி, நாரும் பிசினும் சேர்த்துச் செய்த பொருள். ஆகவே இது தூரத்து நாட்டுக் கதை மட்டுமல்ல.

*நாரும் பிசினும்*

நமது கரையோரத்தில் நிற்கும் பைபர் படகு எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி நார்ப் பாயை அச்சில் விரித்து, பிசினைப் பூசி, உருளையால் உருட்டி, மேலே இன்னொரு பாய் விரித்து, காயவிட்டு எடுக்கிறார்கள். பலத்தைக் கொடுப்பது நார். நாரை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது பிசின். உருட்டும்போது காற்று உள்ளே அகப்பட்டால் அந்த இடத்தில் குமிழி வரும். படகு செய்யும் எவரும் இதை நன்றாக அறிவார்.

விமானத்துக்குப் பயன்படுவது கண்ணாடி நார் அல்ல, பெரும்பாலும் காபன் நார். ஓர் இழை நமது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்து ஒரு கற்றையாக்குகிறார்கள். அந்தக் கற்றையை நீளவாக்கில் இழுத்தால், அதே நிறையுள்ள உருக்கைவிட அதிக பாரத்தைத் தாங்கும்.

1879இல் எடிசன் மின்குமிழுக்காக நூலைக் கருக்கிக் காபன் இழை செய்தார். ஆனால் அது பலத்துக்காகச் செய்தது அல்ல. பலமுள்ள காபன் நாருக்கான வழி 1950களின் கடைசியிலும் 1960களின் தொடக்கத்திலும்தான் திறந்தது. அமெரிக்காவில் ரொஜர் பேக்கன், ஜப்பானின் ஒசாகாவில் அகியோ ஷிண்டோ, இங்கிலாந்தின் பார்ன்பரோ அரச விமான ஆய்வு நிலையத்தில் வில்லியம் வாட் குழுவினர் என்று மூன்று இடங்களில் வேலை நடந்தது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் டோரே நிறுவனம் இதை வர்த்தக ரீதியாக உற்பத்தி செய்யத் தொடங்கியது. போயிங் 787க்கு இன்று காபன் நார் கொடுப்பதும் அதே டோரேதான்.

*முதல் அடி: 1971*

புதுப் பொருள் வந்ததும் எல்லோருக்கும் அவசரம். இங்கிலாந்தின் ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனம், லொக்ஹீட் ட்ரைஸ்டார் விமானத்துக்காக ஆர்பி211 என்ற இயந்திரத்தைச் செய்துகொண்டிருந்தது. அதன் முன்பக்க விசிறித் தகடுகளைக் காபன் நாரால் செய்வதாகத் திட்டம். நிறை குறையும், எரிபொருள் மிச்சமாகும் என்பது கணக்கு.

விமான இயந்திரத்துக்கு ஒரு கட்டாயப் பரீட்சை உண்டு. பறவை வந்து மோதினால் தகடு தாங்க வேண்டும். 1970இல் அந்தச் சோதனையை நடத்தினார்கள். தகடு நொறுங்கியது. நாரின் நீளவாக்கில் எவ்வளவு பலம் இருந்தாலும், பக்கவாட்டில் திடீரென்று விழும் அடியை அது தாங்கவில்லை. கடைசியில் பழையபடி டைட்டேனியத்துக்கே திரும்பினார்கள்.

திட்டத்தின் செலவு கட்டுக்கடங்காமல் போய், 1971 பெப்ரவரி 4ஆம் திகதி ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனமே கடன் பொறுப்பாளரின் கைக்குப் போனது. பிரித்தானிய அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றுக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. தகடு மட்டும்தான் காரணம் என்று சொல்வது நியாயமல்ல, வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்தப் பரீட்சை நடந்தது தரையில், விமானம் பறப்பதற்கு முன்னால். கம்பனி விழுந்தது, பயணிகள் விழவில்லை. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் தேவைப்படும்.

*மெஷின் வந்த விதம்*

ஆரம்பத்தில் எல்லாம் கைவேலை. பிசின் ஊறிய நார்த் தாள்களை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கையால் அடுக்குவார்கள். ஒவ்வொரு படையிலும் நாரின் திசை மாறும். ஒன்று நேராக, அடுத்தது குறுக்காக, இன்னொன்று சாய்வாக. ரோல்ஸ் ரொய்ஸ் தகடு கற்பித்த பாடமும் இதுதான். எந்தத் திசையில் பாரம் வருமோ அந்தத் திசையில் நார் இருக்க வேண்டும்.

கைவேலை மெதுவானது, செலவு கூடியது. ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். ஆகவே 1960களின் பிற்பகுதியிலிருந்தே நாடாவைத் தானாகப் படியவைக்கும் இயந்திரங்களை அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள். ஆனால் அகலமான நாடா வளைவான உருவத்தில் ஒழுங்காகப் படியாது. 1980களில் அடுத்த தலைமுறை இயந்திரம் வந்தது. அது அகலமான ஒரு நாடாவுக்குப் பதிலாக, சுமார் கால் அங்குல அகலமுள்ள ஒடுங்கிய நாடாக்கள் பலவற்றைப் பக்கம் பக்கமாகப் போடுகிறது.

மருதமுனையில் தறியைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது லேசு. பல நூல்கள் ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாக வருகின்றன. ஒரு நூல் அறுந்தாலோ விலகினாலோ துணியில் கோடு விழும். இங்கே தறிக்குப் பதிலாக ரொபோக் கை. அதன் தலையில் பல நாடாச் சுருள்கள். சூடாக்கி, உருளையால் அழுத்தி, அச்சின் மேல் ஒட்டிக்கொண்டே போகும். தேவையான இடத்தில் ஒவ்வொரு நாடாவையும் தனித்தனியே வெட்டும், மறுபடி தொடங்கும். முழுவதும் சுற்றி முடிந்ததும் அதை ஒரு பெரிய அழுத்த அடுப்பில் வைத்து, ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இறுக வைக்கிறார்கள்.

அமெரிக்க இராணுவத்தின் வி-22 ஒஸ்ப்ரே விமானத்தின் பின்பக்க உடலும், பின்னர் ப்ரீமியர் 1 என்ற சிறிய ஜெட் விமானத்தின் உடலும் இப்படித்தான் செய்யப்பட்டன. கை தொடாமல் விமானம் செய்யலாம் என்ற நம்பிக்கை வளர்ந்தது.

*மெஷின் விடும் பிழைகள்*

பிள்ளைகள் கவனிக்க வேண்டிய பகுதி இது. இந்த இயந்திரம் விடும் பிழைகளுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது.

இரண்டு நாடாக்களுக்கு நடுவே வெற்றிடம் விடுவது ஒன்று. ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படிவது இன்னொன்று. நாடா முறுகிப் புரண்டு விழலாம். இடையில் ஒரு நாடா வராமலே போகலாம். வளைவில் திரும்பும்போது நாடாவின் உள்விளிம்பு கசங்கிச் சுருங்கலாம். உள்மூலைகளில் அச்சோடு ஒட்டாமல் பாலம் போல் தொங்கலாம். நாடாவின் பின்னால் இருக்கும் மெல்லிய தாள் துண்டு அல்லது உதிர்ந்த நார்ப் பஞ்சு உள்ளே அகப்படலாம். அடுப்பில் இறுகும்போது காற்றோ ஆவியோ வெளியேறாமல் குமிழியாக நிற்கலாம்.

இவற்றில் சுருக்கம் ஏன் ஆபத்தானது என்று கேட்டால், ஒரு ஈர்க்கிலை எடுத்துப் பாருங்கள். நேரான ஈர்க்கிலை இரண்டு முனையிலும் பிடித்து அழுத்தினால் ஓரளவு தாங்கும். ஏற்கெனவே வளைந்த ஈர்க்கில் உடனே மடங்கிவிடும். நாரும் அப்படித்தான். உள்ளே நார் அலை அலையாக நின்றால், அழுத்தம் வரும்போது அந்த இடம் முதலில் விட்டுக்கொடுக்கும். படைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். உள்ளே பிரிந்திருக்கும். உலோகத்தில் பள்ளமோ நெளிவோ தெரிவது போல இதில் எப்போதும் வெளியே தெரிவதில்லை.

இன்னொன்று. கையால் செய்பவர் இன்று ஒரு பிழை விடுவார், நாளை வேறொரு பிழை விடுவார். இயந்திரம் அப்படியல்ல. நிரலில் ஒரு பிழை இருந்தால், அல்லது உருளையின் அழுத்தம் தவறாக இருந்தால், அதே பிழையை அதே இடத்தில் ஒவ்வொரு பாகத்திலும் போட்டுக்கொண்டே இருக்கும். களைக்காது, சந்தேகப்படாது.

அதனால் ஒவ்வொரு படை முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, ஆட்கள் கிட்டப்போய் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறார்கள். பிழை கண்டால் கையால் திருத்துகிறார்கள். உற்பத்தி நேரத்தில் கணிசமான பங்கு இதற்கே போகிறது. இறுகிய பின், வைத்தியசாலையில் வயிற்றை ஸ்கேன் பண்ணுவது போல ஒலி அலையால் பாகத்தை ஸ்கேன் பண்ணுகிறார்கள். ஆகக் கடைசியில் மெஷினுக்குப் பக்கத்தில் மனிதன் நிற்க வேண்டியே இருக்கிறது.

*எக்ஸ்-33: ஒரு நாடாத் துண்டும் மற்றவைகளும்*

1990களில் நாசா, எக்ஸ்-33 என்ற விண்கலத்தைச் செய்ய லொக்ஹீட் மார்ட்டினுடன் இறங்கியது. அதன் திரவ ஐதரசன் தாங்கி நாரும் பிசினும் கொண்டு செய்யப்பட்டது. தேன்கூடு போன்ற நடுப்பகுதிக்கு உள்ளும் புறமும் மெல்லிய காபன் நார்த் தோல். அந்தத் தோலின் நார்களை இயந்திரமே படியவைத்தது.

1999 நவம்பர் 3ஆம் திகதி தாங்கியைக் கடுங்குளிர் ஐதரசனால் நிரப்பிச் சோதித்தார்கள். சோதனை முடிந்து காலியாக்கிய பிறகு, வெளித்தோல் கிழிந்து கழன்றது. விசாரணையில் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்து வந்தன. உள்தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண் வெடிப்புகள், அவற்றூடாக உள்ளே புகுந்த வாயு, எதிர்பார்த்ததைவிடக் குறைந்த பசைப் பிடிப்பு, உற்பத்திக் குறைபாடுகள். அந்தக் குறைபாடுகளுக்குள் ஒன்று, உள்ளே விடுபட்டுப்போன ஒரு டெஃப்லோன் நாடாத் துண்டு.

தனியே நின்றால் பெரிய பிரச்சினை ஆகாத சின்ன விஷயங்கள் பல, ஒரே இடத்தில் கூடிவிட்டன. 2001இல் திட்டம் கைவிடப்பட்டது. இங்கும் சோதனை நடந்தது தரையில்தான். யாருக்கும் உயிர் போகவில்லை.

*போயிங் 787: தாளின் தடிப்பளவு இடைவெளி*

இனி நாம் ஏறிப் போகும் விமானத்துக்கு வருவோம்.

787இன் உடல் பீப்பாய் பீப்பாயாகச் செய்யப்படுகிறது. சுழலும் பெரிய அச்சின் மேல் இயந்திரம் நாடாவைச் சுற்றுகிறது. ஒரு பீப்பாயை இப்படி ஒரே துண்டாகச் செய்வதால் 1,500 அலுமினியத் தகடுகளும் 40,000 முதல் 50,000 வரையிலான ஆணி வகைகளும் மிச்சமாகின்றன என்று போயிங் சொன்னது. ஒவ்வொரு பீப்பாயும் வெவ்வேறு இடத்தில் உருவாகிறது. ஜப்பானில் ஒன்று, இத்தாலியின் குரொட்டாலியே நகரில் இரண்டு, அமெரிக்காவில் மற்றவை. எல்லாம் ஓரிடத்தில் பொருத்தப்படுகின்றன.

பிழைகளும் ஆரம்பத்திலேயே வந்தன. 2006இல் சோதனைக்காகச் செய்த ஓர் உடற்பகுதியின் தோலில் குமிழிகள் கண்டார்கள். 2009 ஜூனில் இத்தாலியில் செய்த பகுதிகளின் தோலில் நுண்ணிய சுருக்கங்கள் கண்டார்கள். போயிங் அங்கே வேலையை நிறுத்தச் சொன்னது. ஏற்கெனவே செய்தவற்றின் மேல் கூடுதல் படைகள் வைத்துப் பலப்படுத்தினார்கள். 2009 டிசம்பர் 15ஆம் திகதி 787 முதன்முதலாகப் பறந்தது. 2012இல் சில விமானங்களின் பின்பக்க உடலில் படைகள் பிரிந்திருப்பது தெரிந்தது. 2014இல் இறக்கை செய்யும் ஜப்பானிய நிறுவனம் தன் உற்பத்தி முறையில் செய்த ஒரு மாற்றத்தால், சுமார் 40 விமானங்களின் இறக்கைகளில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம் என்று சோதிக்க வேண்டி வந்தது. ஒரு மாற்றம், 40 விமானம். நாம் முன்னே சொன்ன விஷயம் இதுதான்.

பெரிய நெருக்கடி 2020இல் வந்தது. இரண்டு பீப்பாய்கள் சேரும் இடத்தில் சிறு இடைவெளி வரும். அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கைத் தாண்டினால், அதை அளவாகச் செய்த சிறு தகட்டால் நிரப்ப வேண்டும் என்பது விதி. அந்த அளவு நமது போட்டோகொப்பித் தாளின் தடிப்பைவிடச் சற்றே கூட. இவ்வளவு கண்டிப்பு எதற்கு? அலுமினியத்தை இறுக்கினால் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். காபன் நார்த் தோலை இடைவெளியோடு இறுக்கிப் பிடித்தால், அந்த இழுவை படைகளுக்கு நடுவே தங்கி நிற்கும். இன்று ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கான பறப்புகளுக்குப் பிறகு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

2020 ஓகஸ்டில் போயிங் தானே இரண்டு குறைகளைக் கண்டுபிடித்தது. சில விமானங்களில் நிரப்புத் தகடு சரியான அளவில்லை. சிலவற்றில் தோலின் உட்பக்கம் வேண்டிய அளவு சமமாக இல்லை. தனித்தனியே இருந்தால் சமாளிக்கலாம். எட்டு விமானங்களில் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. அந்த எட்டையும் உடனே சேவையிலிருந்து எடுத்தார்கள். எக்ஸ்-33இன் கதை மாதிரியே இருக்கிறதல்லவா?

அதற்குப் பிறகு தேடத் தேட வேறு இடங்களிலும் இடைவெளி தெரிந்தது. புதிய விமானங்களை ஒப்படைப்பது நின்றது. இடையில் சிறிது காலம் தொடங்கி, 2021 மே மாதத்திலிருந்து 2022 ஓகஸ்ட் வரை முற்றாக நின்றது. 100க்கும் மேற்பட்ட புத்தம் புது விமானங்கள் தரித்து நின்றன. 2021இன் கடைசிக் காலாண்டில் மட்டும் இதற்காக 350 கோடி டொலர் நட்டத்தைப் போயிங் கணக்கில் எழுதியது. 2022 பெப்ரவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரிகள், இனி ஒவ்வொரு 787ஐயும் நாங்களே பார்த்துத்தான் சான்றிதழ் தருவோம் என்றார்கள்.

அதோடு முடியவில்லை. 2024 ஏப்ரலில் போயிங் பொறியியலாளர் சாம் சலேபூர் அமெரிக்க செனட் சபைக் குழுவின் முன் சாட்சி சொன்னார். இடைவெளிகள் ஒழுங்காக நிரப்பப்படவில்லை, கேள்வி கேட்டதற்காகத் தன்னை ஓரங்கட்டினார்கள் என்பது அவரின் குற்றச்சாட்டு. போயிங் அதை மறுத்தது. விமான உடலைப் பறப்புக்குச் சமமான 1,65,000 சுழற்சிகள் வரை சோதித்தும் களைப்பு வெடிப்பு எதுவும் காணவில்லை என்றது.

அடுத்த மாதமே இன்னொரு செய்தி. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் செய்ய வேண்டிய ஒரு மின் இணைப்புச் சோதனையைச் செய்யாமலே, செய்ததாகச் சில ஊழியர்கள் பதிந்திருக்கலாம் என்று விசாரணை தொடங்கியது. காபன் நார் அலுமினியத்தைப் போல மின்சாரத்தைக் கடத்தாது. மின்னல் தாக்கும்போது அந்த இணைப்பு முக்கியம். அதை வெளியே கொண்டுவந்தது யார் தெரியுமா? கண்ணால் கண்டு, மேலாளரிடம் போய்ச் சொன்ன ஒரு ஊழியர்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2025 ஜூன் 12ஆம் திகதி அஹமதாபாத்தில் விழுந்ததும் 787 விமானம்தான். அதற்கும் இந்த நார்ப் பிழைகளுக்கும் முடிச்சுப் போட்டு வட்ஸ்அப்பில் நிறையப் பதிவுகள் சுற்றின. முதற்கட்ட விசாரணை அறிக்கை பேசியது, பறக்கத் தொடங்கியதும் எரிபொருள் ஆளிகள் நிறுத்தும் நிலைக்குப் போனதைப் பற்றி. நார்த் தோலைக் குற்றம் சொல்லவில்லை. பயத்தைப் பரப்ப நாம் இதை எழுதவில்லை. நாம் எண்ணிப் பார்த்த அந்தச் சுருக்கங்களாலும் இடைவெளிகளாலும் எந்த 787 விமானமும் விழவில்லை.

*டைட்டன்: தேய்த்து மூடிய சுருக்கம்*

2023 ஜூன் 18ஆம் திகதி, டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்க டைட்டன் என்ற சிறு நீர்மூழ்கி அத்திலாந்திக் கடலில் இறங்கியது. ஐந்து பேர். கம்பனியின் தலைவர் ஸ்டொக்டன் ரஷ், பிரித்தானியர் ஹாமிஷ் ஹார்டிங், பிரான்ஸின் பழுத்த ஆழ்கடல் நிபுணர் போல்-ஹென்றி நார்ஜொலே, பாகிஸ்தானியத் தொழிலதிபர் ஷஹ்சாதா தாவூத், அவருடைய 19 வயது மகன் சுலைமான். கடலுக்கடியில் அது ஒரு நொடிக்குள் நசுங்கியது. தந்தையும் மகனும் ஒன்றாகப் போன அந்தச் செய்தியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

டைட்டனின் உடல் காபன் நாரால் செய்த உருளை. சுவரின் தடிப்பு சுமார் ஐந்து அங்குலம். இயந்திரம்தான் நாரைப் போட்டது. முதலாவது உடலில் 2019இல் வெடிப்புக் கண்டு அதைக் கைவிட்டார்கள். இரண்டாவது உடலை ஓர் அங்குலத் தடிப்புள்ள ஐந்து பெரும் படைகளாகச் செய்தார்கள். ஒவ்வொன்றையும் இறுக வைத்து, அதன் மேல் அடுத்ததை ஒட்டினார்கள்.

விபத்துக்குப் பிறகு அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, உடல் செய்தபோது வெட்டியெடுத்து வைத்திருந்த மாதிரித் துண்டுகளையும் கடலடியில் கிடைத்த சிதைவுகளையும் ஆராய்ந்தது. 2024 செப்டெம்பரில் அதன் பொறியியலாளர் விசாரணையில் சொன்னவை இவை. நாரில் அலையும் சுருக்கமும் இருந்தன. குமிழிகள் இருந்தன. ஒட்டிய பசையில் வெற்றிடங்கள் இருந்தன. சுருக்கம் மேலே துருத்திக்கொண்டிருந்த இடங்களைத் தேய்த்துச் சமப்படுத்தி, அதன் மேல் அடுத்த படையைப் போட்டிருந்தார்கள்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். தேய்த்தவர் சுருக்கத்தைக் கண்டிருக்கிறார். காணாமல் தேய்க்க முடியாது. துருத்திய இடத்தைத் தேய்த்தால் மேற்பரப்பு அழகாகும். ஆனால் தேய்ந்துபோனது பாரம் தாங்க வேண்டிய நார். கீழே மடிந்து நிற்கும் நாரும் நேராகவில்லை.

எச்சரித்தவர்களும் இருந்தார்கள். 2018 ஜனவரியில் கம்பனியின் கடல்சார் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்த டேவிட் லொக்ரிட்ஜ், முதலாவது உடலைப் பற்றி எழுத்தில் கேள்வி கேட்டார். உடலை ஸ்கேன் பண்ணிப் பார்க்க வேண்டும் என்றார். அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு மார்ச்சில் துறை சார்ந்த 30க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து, வெளியார் பரிசோதனையும் தரச் சான்றிதழும் எடுங்கள் என்று கடிதம் வரைந்தார்கள். டைட்டனுக்குக் கடைசி வரை அப்படியொரு சான்றிதழ் எடுக்கப்படவில்லை.

இதைவிடக் கவலையான விஷயம் ஒன்று உண்டு. 2022 ஜூலை 15ஆம் திகதி, 80ஆவது முழுகலில் மேலே வரும்போது உள்ளே இருந்தவர்களுக்குப் பெரும் சத்தம் ஒன்று கேட்டது. உடலில் பொருத்தியிருந்த உணரிகளும் அதைப் பதிந்தன. அதற்குப் பிறகு உடல் பாரத்துக்கு வளைந்துகொடுக்கும் விதமே மாறியிருந்தது. அந்தச் சத்தத்தோடு படைகள் பிரிந்திருக்கின்றன என்று விசாரணையாளர்கள் பின்னர் கண்டார்கள். கருவி தன் வேலையைச் செய்தது. பதிந்ததைப் பார்த்து "இனி இறங்க வேண்டாம்" என்று சொல்ல ஆள் இருக்கவில்லை. குளிர்காலம் முழுக்க நீர்மூழ்கி திறந்த வெளியில் கிடந்தது. அடுத்த வருடம் மறுபடி கடலில் இறக்கினார்கள். 88ஆவது முழுகல் கடைசியானது. தடுத்திருக்கக்கூடிய விபத்து என்று 2025 ஓகஸ்டில் அமெரிக்கக் கரையோரக் காவற்படை தன் அறிக்கையில் எழுதியது.

*ஒப்பிட்டுப் பார்ப்போம்*

இத்தாலியில் செய்த விமானத் தோலிலும் சுருக்கம். டைட்டனின் உடலிலும் சுருக்கம். இரண்டையும் போட்டது இயந்திரம். இரண்டையும் கண்டது மனிதன். ஓரிடத்தில் வேலையை நிறுத்தினார்கள், அளந்தார்கள், பலப்படுத்தினார்கள், அதைப் பதிவிலும் வைத்தார்கள். மற்ற இடத்தில் தேய்த்து மூடினார்கள்.

போயிங்கை நாம் நல்லவர்கள் பட்டியலில் போடவில்லை. அங்கும் அவசரமும், அழுத்தமும், வாய் திறந்தவர்களின் முறைப்பாடுகளும் இருந்ததைப் பார்த்தோம். ஆனால் அங்கே கம்பனிக்கு வெளியே ஒருவர் இருந்தார். சான்றிதழ் தராமல் விமானத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது. டைட்டனுக்கு அப்படி ஒருவரும் இல்லை.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான். மெஷினும் பிழை விடும். பிழையே இல்லாத நார்ப் பாகம் ஒன்றைச் செய்வது நடைமுறையில் முடியாது. பொறியியலாளர்கள் அதை எதிர்பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். எந்தப் பிழை எவ்வளவு வரை பொறுக்கலாம், தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தை மதிக்கிறோமா என்பதில்தான் உயிர் தங்கியிருக்கிறது.

இப்போது இயந்திரத்தின் தலையிலேயே கமராவும் லேசர் உணரியும் பொருத்தி, செயற்கை நுண்ணறிவால் பிழையைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. நல்ல விஷயம். மனிதக் கண் களைக்கும், கமரா களைக்காது. ஆனால் டைட்டனின் உணரி அந்தச் சத்தத்தை ஒழுங்காகத்தான் பதிந்தது. பிழையைக் காட்டும் கருவி கூடக் கூட, அதைப் பார்த்து முடிவெடுப்பவரின் பொறுப்பும் கூடுமே தவிரக் குறையாது.

நமது ஊர்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் மத்திய கிழக்கில் தரப் பரிசோதகர்களாக வேலை செய்கிறார்கள். குழாய், தாங்கி, கட்டடம், பாலம் என்று ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்றுக்குக் கையெழுத்து வைக்கிறார்கள். இங்கேயும் பஸ்ஸின் பிரேக் முதல் பாடசாலைக் கட்டடத்தின் கூரை வரை யாரோ ஒருவர் "சரி" என்று எழுதித்தான் பாவனைக்கு வருகிறது. "கையெழுத்தை வை, பிறகு பார்ப்போம்" என்று மேலே இருப்பவர் சொல்லும் நாள் எல்லோருக்கும் ஒருதரமாவது வரும். அந்தக் கையெழுத்து ஓர் அமானிதம். அதை நம்பி ஏறுபவர் யாரென்று வைப்பவருக்குத் தெரியாது.

சுலைமான் தாவூதுக்கு 19 வயது. நமது உயர்தர வகுப்பை முடித்து வெளியேறும் பிள்ளைகளின் வயது. சுவருக்குள் மடிந்து கிடந்த நாரைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

உங்களில் தரப் பரிசோதனைத் துறையில் வேலை செய்பவர்கள் இருந்தால், பிழையைக் கண்டு நிறுத்திய அனுபவங்களைக் கீழே எழுதுங்கள். கம்பனியின் பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள். நமது பிள்ளைகள் அதையும் படிக்கட்டும்.